பழைய ஆர்மோனியப் பெட்டிக்கு மாற்று: திருகோணமலையில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

சின்ன வயதில் வீட்டில் வாசித்த ஆர்மோனியப் பெட்டி பழுதாகிப்போய், "அதே மாதிரி இன்னொன்று" தேடுபவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். பலகையின் நிறம் சரி, முன்பக்கத்துக் கொடிவேலை சரி, பித்தளைக் கைபிடி சரி. பெட்டி வீட்டுக்கு வந்து துருத்தியை நாலு தரம் அசைத்ததும் முகம் சுருங்கிவிடும். குரல் வேறு. ஆர்மோனியத்தின் குரலைத் தீர்மானிப்பவை மூன்று: உள்ளே உள்ள பித்தளை ரீட்டுகள் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாக்குகள்), அவை எந்தச் சோடியாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது, அவற்றின் சுருதி எங்கே நிற்கிறது என்பது. பலகைக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் கடைசிப் பங்கு.

இலங்கையில் இன்று ஒருவர் கைக்கு எட்டக்கூடிய மாற்றுகள்: இந்தியாவிலிருந்து வரும் புதிய நிலைப்பெட்டி (மடக்க முடியாதது), ஸ்கேல் சேஞ்சர் என்ற சுருதி மாற்றும் பொறியுடன் வரும் மடக்குப் பெட்டி, பாவித்த பழைய பெட்டி, மின் கீபோர்ட். பழையதையே திருத்தி எடுப்பது இன்னொரு வழி, அதுவே சில வீடுகளுக்குச் சரியான வழி. உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் உள்ள ஊரில் வைத்து இவற்றைப் பார்க்கும்போது, கொழும்புக் குளிரூட்டிய கடையில் வைத்துப் பார்ப்பதிலிருந்து முடிவு நிறையவே மாறுகிறது.

பழையதை முதலில் திறவுங்கள்

கடைக்குப் போகுமுன் பழைய பெட்டியிலிருந்து சில விவரங்களை எடுத்து ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். பெட்டி எவ்வளவு கெட்டிருந்தாலும் இதைச் செய்யலாம். துருத்தி கிழிந்திருந்தால் ஒருவர் கிழிசலை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க, மற்றவர் கட்டையை அமத்திப் பார்த்தால் போதும்.

கட்டைகளை எண்ணுங்கள். 37 என்றால் மூன்று ஸ்தாயி, 42 என்றால் மூன்றரை, இடையில் 39. பிறகு அளவு நாடாவை எடுத்து ஏழு வெள்ளைக் கட்டைகளின் மொத்த அகலத்தை அளவுங்கள். பியானோவில் இது சுமார் 16½ சென்ரிமீற்றர். ஆர்மோனியங்களில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு, செய்தவருக்குச் செய்தவர் மாறும். அரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தாலே பழகிய விரல் பக்கத்துக் கட்டையில் போய் விழும். இதை விற்பவரிடம் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் சின்ன வயதுப் பழக்கம் விரலில்தான் இருக்கிறது.

அடுத்தது சோடி. இழுக்கும் குமிழ்களில் (ஸ்டொப்பர்) சில காற்றை ரீட் வரிசைக்கு விடுபவை, சில ஒரே சுரத்தை நிறுத்திப் பிடிக்கும் சுருதிக் குமிழ்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, நடுவிலுள்ள ஒரே கட்டையை அமத்துங்கள். ஒரு குமிழுக்கு ஒரு குரல், இன்னொன்றுக்கு அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே வந்தால் அது பேஸ்–மேல் (Bass–Male) பெட்டி; இந்த "மேல்" ஆங்கிலச் சொல், மேலே என்ற பொருளல்ல. இரண்டும் ஒரே உயரத்தில் வந்து, சேர்த்துத் திறந்தால் ஒலி மெல்ல அலையடித்தால் அது மேல்–மேல். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சாதாரணக் காதுக்கே தெரியும். பேஸ்–மேல் கனமாக, நெஞ்சிலிருந்து வரும். மேல்–மேல் கூர்மையாக, கொஞ்சம் நடுங்கி வரும். கோயில் பஜனைகளிலும் நாடக மேடையிலும் பின்பாட்டுக்கு இருந்த பெட்டிகளில் அந்த நடுக்கத்தைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பேஸ்–மேல் பெட்டி எத்தனை விலை கொடுத்தாலும் ஒட்டாது. இன்று கடைகளில் நிற்பவை பெரும்பாலும் பேஸ்–மேல். மேல்–மேல் வேண்டுமென்றால் சொல்லிச் செய்விக்க வேண்டும்.

மூன்றாவது சுருதி. தொலைபேசியில் இலவச டியூனர் செயலி ஒன்றை இறக்கி, 440க்கு (நடு A சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு) வைத்து, ஒரே ஸ்டொப்பரை மட்டும் திறந்து ஒவ்வொரு கட்டையாக வாசித்து, முள் எத்தனை சென்ற் மேலே, எத்தனை கீழே என்று எழுதுங்கள். ஓர் அரைச்சுரம் 100 சென்ற். பட்டியலைப் பார்த்ததும் கதை விளங்கும். எல்லாக் கட்டையும் ஏறக்குறைய ஒரே அளவில், உதாரணமாக 20 முதல் 30 சென்ற் வரை, மேலே நின்றால் அது பெட்டி பிறந்தபோதே வைத்த சுருதி. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு 440ஐப் பரிந்துரைத்தது உண்மைதான். பெட்டி செய்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சிதறிக்கிடந்தால் அது தூசு, களிம்பு, உலோகத் தளர்ச்சி. முதல் வகையென்றால், புதிதாக வாங்கும் பெட்டியை அந்தச் சுருதிக்கே சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். இல்லாவிட்டால் புதுப்பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் "ஏதோ மங்கலாக இருக்கு" என்ற குறை போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கீபோர்ட்டோடும் புல்லாங்குழலோடும் சேர்ந்து வாசிக்கப்போகும் வீடென்றால் 440 தவிர வேறு வைக்கக்கூடாது.

கடைசியாக உள்ளே. மேல்மூடியைக் கழற்றி, கட்டைகள் பொருந்திய மேல்தட்டின் கொக்கிகளையோ திருகாணிகளையோ விடுவித்து, நேராகத் தூக்கிக் கவிழ்த்தால் அடியில் ரீட் பலகை. ஒவ்வொரு ரீட்டும் ஒரு பித்தளைத் தகடு, அதில் ஒரு நீள வெட்டு, அந்த வெட்டுக்கு மேல் ஒரு முனையில் மட்டும் தறைந்த மெல்லிய பித்தளை நாக்கு. தகட்டில் எழுத்தோ பெயரோ அடித்திருக்கும். "ஜூபிலேட்" என்றிருந்தால் ஜேர்மன் ரீட். பாரிஸ் முத்திரைகளும் பழைய பெட்டிகளில் வரும். பிற்காலத்தவை பெரும்பாலும் குஜராத்தின் பாலிதானாவில் செய்தவை. கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். திருகாணிகளைக் கலந்துவிடாதீர்கள், நீளம் ஒன்றுபோல் இராது, நீளமானதைக் கட்டையான துளையில் ஏற்றினால் பலகை பிளக்கும்.

ஐரோப்பிய முத்திரை ரீட்டுகள் இருந்து, நாக்குகள் ஒன்றும் முறியாமல் இருந்தால், புதுப்பெட்டி வாங்கும் யோசனையை அங்கேயே நிறுத்திவைப்பது நல்லது. அதற்கு வருவோம்.

புதிய நிலைப்பெட்டி

இரட்டை ரீட், 39 அல்லது 42 கட்டை, ஏழு அல்லது ஒன்பது ஸ்டொப்பர், பத்துப் பன்னிரண்டு கிலோ. கொல்கத்தா, டில்லி, மும்பை எங்கு செய்தாலும் அடிப்படை இதுதான். ஆர்மோனியம் என்ற பெயரில் காலால் மிதிக்கும் பெட்டிக்கு 1840இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்றார். தரையில் சம்மணமிட்டு வாசிக்கக் கைத்துருத்தி வைத்த வடிவத்தை 1875இல் கொல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கொண்டுவந்தார். அந்த வடிவம் இன்றுவரை அதிகம் மாறவில்லை, மாறாததே இதன் பலம். உள்ளே அசையும் பாகம் குறைவு. கெட்டால் ஓடாவியும் பொறுமையும் இருந்தால் பாதி வேலை ஊரிலேயே முடியும்.

திருகோணமலைக்கு எங்கள் பரிந்துரை இதுவே. நிபந்தனைகள் மூன்று. கட்டைக்கு அடியிலுள்ள கம்பிச்சுருள் பித்தளை அல்லது வெண்கலக் கம்பியாக இருக்க வேண்டும்; உருக்குக் கம்பி திருக்கடலூர், டொக்யார்ட் வீதிப் பக்கத்து வீடுகளில் துருவேறித் தளர்ந்துவிடும், தளர்ந்த கட்டை அமத்தாமலே ஊதும். பலகை தேக்காக இருக்க வேண்டும். மலிவுப் பெட்டிகளில் வரும் ஒட்டுப்பலகை மாரியில் ஊதிப் பிரியும். கப்ளர் வேண்டாம். ஒரு கட்டையை அமத்தினால் மேல் ஸ்தாயிக் கட்டையும் தானாக அமரும் அந்தப் பொறி கடையில் கேட்க நிரம்பிய ஒலியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கம்பி, ஒவ்வொரு கம்பியும் துருப்பிடிக்க ஓர் இடம்.

விலை நாணய மாற்றோடு ஏறி இறங்குவதால் தொகை எழுதுவதில் பொருளில்லை. வரிசை மட்டும் மாறாது: ஒற்றை ரீட் மலிவு, அடுத்து இரட்டை, அதற்கு மேல் கப்ளர், மூன்று வரிசை ரீட், ஸ்கேல் சேஞ்சர். ஒற்றை ரீட் சின்னப்பெட்டி பிள்ளைக்குச் சரளி வரிசை பழக்கப் போதும். பழைய குரலைத் தேடுபவர் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

ஸ்கேல் சேஞ்சர் மடக்குப் பெட்டி

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். பெட்டி தன் உறைக்குள்ளேயே இறங்கி ஒரு சூட்கேஸ் ஆகிவிடும். பிடியை நகர்த்தினால் கட்டை வரிசை முழுவதும் பக்கவாட்டில் வழுக்கி அடுத்த ரீட்டுகளின் மேல் போய் நிற்கும். ஆகவே எந்தச் சுருதிக்கும் ஒரே விரலமைப்பில் வாசிக்கலாம். 5½ கட்டைச் சுருதியில் பழகிய ஒருவர் 1 கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு வாசிக்க நேர்ந்தால் இது வரப்பிரசாதம்தான்.

கார்த்திகை மழையில் என்ன நடக்கும்? வழுக்கும் சட்டம் ஈரத்தில் ஊதி இறுகும். முக்கால் தூரம் நகர்ந்து நின்றுவிட்டால் ஒரு கட்டை இரண்டு ரீட்டின் மூடிகளைச் சேர்த்துத் தூக்கும், அரைச்சுரம் ஒன்றோடொன்று உரசி நாராசமாக ஒலிக்கும். கோடையில் அதே சட்டம் வற்றி ஆடும், கட்டைகள் கடகடக்கும். எடையும் பெரும்பாலும் நிலைப்பெட்டியைவிடக் கூட. மடக்குவதால் தூக்கச் சுகம் என்பது கண்ணுக்கு மட்டும். மேடைக்கு மேடை போகும் தொழில் வாத்தியக்காரருக்குச் சரி. வீட்டில் மாலை விளக்கு வைத்தபின் பத்து நிமிடம் வாசிப்பவருக்கு இது சும்மா சுமை. அந்தப் பணத்துக்கு நல்ல ரீட் போட்ட நிலைப்பெட்டி வாங்கி, இரண்டாவது சுருதிக்கு விரல் பழகிக்கொள்வது புத்தி.

பாவித்த பெட்டி

இணைய விளம்பரங்களில் தேடும்போது ஆர்மோனியம் என்று மட்டும் தேடாமல் "சர்ப்பினா" என்றும் தேடுங்கள். சிங்கள வீடுகளிலிருந்தும் விகாரைகளிலிருந்தும் விற்பனைக்கு வரும் பெட்டிகள் அந்தப் பெயரில்தான் வரும். அவற்றில் சில மேசைபோல் கால்வைத்த மிதிபெட்டிகள், படத்தைப் பார்த்து விலக்கிக்கொள்ளலாம். கண்டி, குருநாகல் பக்கத்துப் பெட்டி கடலோரப் பெட்டியைவிட உலோகத்தில் ஆரோக்கியமாக இருக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் மலைநாட்டு ஈரலிப்பில் பூஞ்சணம் பிடித்த துருத்தியோடு வருவதும் உண்டு.

விற்பவர் தூரத்தில் இருந்தால் மூன்று வீடியோ கேளுங்கள். முதலாவது: எல்லா ஸ்டொப்பரும் மூடி, துருத்தியை நிரப்பி, கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். "உஸ்" சத்தம் கேட்கக்கூடாது, துருத்தி உடனே தொய்யக்கூடாது. இரண்டாவது: ஸ்டொப்பர் எல்லாம் திறந்து, ஒரு கட்டையும் தொடாமல் துருத்தியை அசைக்க வேண்டும். ஏதாவது சுரம் தானாக முனகினால் அந்தக் கட்டையின் கீழுள்ள தோல்மூடி சரியாக அமரவில்லை. மூன்றாவது: ஒரு ஸ்டொப்பரில், மெல்லிய காற்றில், கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையும். பலமாக அடித்துக் காட்டுவது ஏமாற்று. களிம்பு பிடித்த ரீட்டும் பலமான காற்றில் பேசிவிடும், மெல்லிய காற்றில்தான் திக்கும். நேரில் பார்க்கும்போது நாலாவது சோதனை ஒன்று: துருத்தியை நிரப்பி, ஒரு ஸ்டொப்பர், நடுஸ்தாயியில் ஒரு கட்டை, கையை எடுத்துவிட்டு எண்ணுங்கள். 15 விநாடியாவது ஒலி நின்றால் நல்ல பெட்டி. ஐந்தாறில் விழுந்தால் தோலும் துருத்தியும் மாற்ற வேண்டிய பெட்டி. விலையை அதற்கேற்பப் பேசலாம்.

ஒரே ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கீழே இறங்கி நின்றால் எச்சரிக்கை. அந்த நாக்கில் தறை ஓரமாகக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். சுருதி சேர்த்தாலும் திரும்ப இறங்கும், ஒருநாள் முறியும்.

கீபோர்ட்

இந்தியச் சந்தைக்கென்று வரும் கீபோர்ட்டுகளில் ஆர்மோனியக் குரல் ஒன்று இருக்கும். சுருதியைப் பொத்தானில் மாற்றலாம், ஈரத்துக்குப் பயமில்லை. ஆனால் இடக்கை வேலையில்லாமல் மடியில் கிடக்கும். காற்றைக் கூட்டிக் குறைத்து ஒரு சுரத்தை வீங்கவைத்து அடக்குவது ஆர்மோனியத்தில் பாதி வாசிப்பு. அது இங்கே இல்லை. கமகம் வராது என்ற குறைக்காக அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கிவைத்த வாத்தியத்துக்கு மிஞ்சியிருந்த உயிரே அந்தத் துருத்திக் கைதான்.

பழையதைத் திருத்துவது

ரீட் நன்றாக இருந்து மற்றதெல்லாம் கெட்டிருந்தால் இதுவே முதல் தேர்வு. வேலை இரண்டு பங்கு. பெட்டி, அடிப்பலகை, துருத்திச் சட்டம் ஆகியவை ஓடாவி வேலை. முதிரையில் போடலாம் என்பார், உறுதி என்பார். கனம் தாங்காது, தேக்கே போடச் சொல்லுங்கள். ரீட் பலகையில் மட்டும் அவர் கை வைக்கக்கூடாது. அது தட்டையாக, துல்லியமாக இருந்தாக வேண்டும். உளி பட்டு ஒரு மயிரிழை மேடுபள்ளம் வந்தாலும் காற்று ஓடும். பலகை வளைந்திருந்தால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஆர்மோனியம் சுருதி சேர்ப்பவரிடம் அந்தப் பாகத்தை மட்டும் கொண்டுபோகலாம். முழுப்பெட்டியையும் சுமக்கத் தேவையில்லை.

துருத்தி மாற்றுவது வீட்டிலேயே முடியும். பழைய மடிப்புகளைக் கிழிக்காமல் வெந்நீர்த் துணியால் நனைத்துப் பிரித்து, ஒவ்வொரு மட்டையையும் அச்சாக வைத்து 2 மில்லிமீற்றர் கனமான அட்டையில் புதிது வெட்டுங்கள். மட்டைக்கும் மட்டைக்கும் இடையே 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை இருபக்கமும் ஒட்டுங்கள். இடைவெளி விடாமல் ஒட்டினால் மடியாது, கூடினால் காற்றில் புடைக்கும். மூலைகளுக்கு மெல்லிய செம்மறித் தோல். மிருதங்கத்துக்குப் போடும் தோல் இதற்கு ஆகாது, மடிக்க மடிக்க வெடிக்கும். பசை வச்சிரமாக இருந்தால் நாளைக்குத் திரும்பப் பிரிக்கலாம், ஆனால் கரப்பானும் ராமபாணமும் அதைத் தேடி வரும். மரவேலைக்கு எடுக்கும் வெள்ளைப் பசையைப் பூச்சி குறைவாகத் தொடும், பிரிப்பது கடினம். இந்த ஊருக்கு வெள்ளைப் பசை. பாரம் வைத்து ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

ரீட் துப்புரவாக்குவதில்தான் நல்ல பெட்டிகள் பல நாசமாகின்றன. குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் புளிபோட்டு மினுக்குகிறார்கள். புளியின் அமிலம் நாக்கைத் தின்கிறது. மிச்சம் தகட்டின் வெட்டுக்குள் தங்கி மறுபடி களிம்பு பூக்கிறது. உலோக மினுக்குத் திரவமும் அப்படியே. எண்ணெய் இன்னும் மோசம்: தூசைக் கூட்டி நாக்கைக் கனமாக்கும், சுருதி இறங்கும். செய்ய வேண்டியது, காய்ந்த மெல்லிய தூரிகையால் தறைப்பக்கமிருந்து நுனிப்பக்கமாக மட்டும் தடவுவது. குறுக்கே தடவினால் நாக்கு விலகும். நுனியை நகத்தால் ஒரு துளி உயர்த்தி, அடியில் கணக்குக் கொப்பித் தாள் துண்டு ஒன்றைச் செருகி ஒருமுறை இழுத்தால் வெட்டுக்குள் மாட்டிய தூசு வந்துவிடும். பேசாத ரீட்டுகளில் பாதி இதிலேயே பேசும். பச்சைக் களிம்பைக் கூராக்கிய மூங்கில் குச்சியால் சுரண்டலாம், கத்தியால் கூடாது.

நாக்கின் நுனிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒட்டிக்கிடந்தால் காற்று பட்டதும் அடைத்துப்போய்ப் பேசாது. அதிகமாகத் தூக்கியிருந்தால் தாமதித்துப் பேசும், காற்றையும் குடிக்கும். பக்கத்து நல்ல ரீட்டைப் பார்த்து அதேயளவுக்கு வைப்பதே பாதுகாப்பு.

சுருதி சேர்ப்பதன் தத்துவம் எளிது: நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், தறைக்குப் பக்கத்தில் சுரண்டினால் இறங்கும். கைவேலை எளிதல்ல. நாக்குக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைத் தாங்கக் கொடுத்து, நுண் அரத்தால் இரண்டே இழுப்பு, பிறகு உலோகச் சூடு ஆறும்வரை பொறுத்து டியூனரில் பார்க்க வேண்டும். சூட்டோடு பார்த்தால் பொய்க் கணக்குக் காட்டும். எடுத்த உலோகம் திரும்ப வராது. மேல் ஸ்தாயிச் சிறு ரீட்டில் ஓர் இழுப்பே பத்துச் சென்றைத் தாண்டிவிடும். பழக்கமில்லாதவர் அதைத் தொடாமல் விடுவது நல்லது.

கொண்டுவருவது

கொழும்பிலிருந்து என்றால் இரவு ரயில் பஸ்ஸைவிட நல்லது, ஹபரணைப் பாதையில் பஸ்ஸின் பின்பெட்டியில் பன்னிரண்டு கிலோ பெட்டி குலுங்கினால் ரீட் திருகாணிகள் தளரும். வந்ததும் ஒரு சுரம் "ஸ்ஸ்" என்று காற்றோடு கலந்து கேட்டால் பயப்படாமல் அந்த ரீட்டின் திருகாணியைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். இந்தியாவில் நேரே வாங்குபவர்களுக்கு நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஒரு வழி. 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் கடலைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். விமானமென்றால் பெட்டியின் எடையை உறையோடு சேர்த்து நிறுத்து, பொதி அளவோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். சுங்கவரியை வாங்கிய பின் விசாரிப்பது வீண் வேலை. பற்றுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள்.

பொதி செய்யும்போது எல்லா ஸ்டொப்பரையும் மூடி, துருத்திக் கொக்கியை மாட்டி, கட்டைகளின் மேல் மடித்த துவாயை வைத்து மூடியை அமத்துங்கள். கட்டை துள்ளாது.

ஊரில் வைத்துக் காப்பது

இங்கே மழை ஐப்பசி முதல் தை வரை. அந்த மாதங்களில் கட்டைகள் பக்கவாட்டில் ஊதி ஒன்றையொன்று பிடிக்கும், அமத்தினால் எழும்பாது. அரத்தை எடுத்துத் தேய்க்க அவசரப்படாதீர்கள். மாசியில் அதே இடத்தில் ஓட்டை நிற்கும். இரும்பு அலுமாரியில் வைத்து, சிலிக்கா ஜெல் பை போட்டு, நீலம் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போட்டால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் விடும். கடலோர வீடென்றால் வாசித்து முடிந்ததும் துருத்திக்குள் மிஞ்சிய காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள், உள்ளே தங்கும் காற்றிலும் உப்பு இருக்கிறது.

கச்சான் என்ற வறண்ட கோடைக்காற்று வீசும் மாதங்களில் தலைகீழ். மரம் வற்றும், ரீட் பலகைக்கும் பெட்டிக்கும் இடையே மூச்சு விடும். ஜன்னலோரம் வைக்காதீர்கள். திருகாணிகளை மெல்ல இறுக்கலாம், முழுப்பலத்தால் அல்ல. பூச்சிக்குக் காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள். எலிக்கு வேறு வழியில்லை: மூடி பூட்டும் பெட்டி, அல்லது நிலத்திலிருந்து உயர்ந்த அலுமாரி. துருத்தித் தோலை எலி ஓர் இரவில் முடித்துவிடும்.

புதுப்பெட்டி வாங்கியே தீருவதென்று முடிவானால் பழையதின் ரீட்டுகளை எறிய வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழற்றி, சுரத்தின் பெயரையும் தகட்டின் நீளத்தை மில்லிமீற்றரிலும் எழுதிய தாள் உறையில் தனித்தனியாகப் போட்டு, இறுக்கமாக மூடும் பால்மா ரின் ஒன்றில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். புதியதில் ஒரு ரீட் முறியும் நாளில், நீளம் பொருந்தும் பழையது ஒன்று கையில் இருந்தால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.